பெரியவர் வெளுத்த விவகாரம்

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவரின் விலாசமும் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு ட்ரவுட் மீனின் தாடையைப் பார்த்த மாத்திரத்தில் அதன் கொள்ளுப்பாட்டி யாரோடு பழகினாள் என்று சொல்லிவிடக்கூடிய மேதை யார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என் அக்காவின் கணவர். மனித அறிவின் வரலாற்றில் இவ்வளவு பெரிய ஆளுக்கு மச்சினனாக வாய்த்தவர்கள் அதிகம் பேர் இல்லை என்பதைத் தன்னடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

வீட்டில் அவர் எனக்கு அத்தான். அலுவலகத்தில் ஐயா. குளிர்நீர் மீன்வளத் துறையின் இயக்குநர் அவர். நான் அவருடைய நேர்முக உதவியாளன். இந்த வேலை எனக்கு 'முழுக்க முழுக்கத் தகுதி அடிப்படையில்' கிடைத்தது. என்ன தகுதி என்று சிலர் கேட்டார்கள். பாவம், அவர்களுக்கு அக்கா இல்லை. காலையில் அலுவலக மாடிப்படி ஏறி முடித்ததும் அத்தான் ஐயாவாகிவிட வேண்டும். மாலையில் இறங்கி முடித்ததும் ஐயா மறுபடி அத்தான் ஆகிவிட வேண்டும். ஒருமுறை பாதிப் படியில் அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் இருமினேன். அவர் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து படியில் இருமுவது என்று வைத்துக்கொண்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் அறிவியல். ட்ரவுட் என்பது குளிர்ந்த ஓடைகளில் வாழும் மீன். அதில் ஜாதி பல. பழுப்பு ட்ரவுட்டுக்கு உடம்பில் சிவப்புப் புள்ளியும் அதைச் சுற்றி வெளிறிய வளையமும் இருக்கும். ஓடை ட்ரவுட்டுக்கு முதுகில் புழு ஊர்ந்த தடம் போலக் கோடுகள். வானவில் ட்ரவுட்டுக்கு விலாவில் ரோஜா நிறப் பட்டை. எங்கள் ஓடைக்கே சொந்தமானது செங்கீற்று ட்ரவுட். தாடைக்கு அடியில் கத்தியால் கீறியது போல ஒரு சிவப்புக் கோடு அதன் அடையாளம். இந்த ஓடையில் யாரோ ஒரு காலத்தில் வானவில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். விட்டது எங்கள் துறைதான். அப்போது அதற்குப் பெயர் 'வளர்ச்சி'. ஒரே தண்ணீரில் இருந்தால் என்ன நடக்கும்? நடந்துவிட்டது. பிறந்த பிள்ளைகளுக்குத் தாடைக் கீற்றும் மங்கல், விலாப் பட்டையும் மங்கல், துடுப்பு நுனியில் கொஞ்சம் வெள்ளை.

இந்த ஒழுக்கக்கேட்டை ஒழிக்க ஐயா தீட்டியதுதான் 'தூய ஓடைத் திட்டம்'. ஓடையில் வலை போட்டு மீன்களைப் பிடிப்பது, வெள்ளை வாளிகளில் போட்டு இயக்குநர் அறைக்குக் கொண்டுவருவது, ஐயா ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. "சுத்தம்" என்றால் மீன் ஓடைக்குத் திரும்பும். "கலப்பு" என்றால் மூடி போட்ட வாளிக்குப் போகும். மூடி போட்ட வாளி அதன்பின் 'விதிமுறைப்படி அகற்றப்படும்'. எந்த விதிமுறை என்று கேட்டால், எண்ணெயில் போட்டு மொறுமொறுவென்று எடுக்கும் விதிமுறை. கலப்பு மீன் ருசியில் எந்தக் குறையும் வைப்பதில்லை என்று ஊழியர் சங்கம் ஒருமனதாகச் சான்றளித்திருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆதாரம் வேண்டுமே? அதற்காக ஐயாவின் மேசைக்கு வலப்பக்கம் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. பின்புறமும் அடியும் கறுப்பு; கறுப்புக் கூழாங்கற்கள். அதில் ஒரே ஒரு செங்கீற்று ட்ரவுட். ஐயா தம் கையால் தேர்ந்தெடுத்த அப்பழுக்கற்ற தூய மீன். தாடைக் கீற்று குங்குமமாகச் சிவந்திருக்கும். அலுவலகத்தில் எல்லோரும் அதைப் 'பெரியவர்' என்போம். ஐயாவின் அறைக்குள் வருகிறவர்கள் முதலில் பெரியவருக்குத்தான் வணக்கம் சொல்வார்கள். பதவி உயர்வு வேண்டியவர்கள் கொஞ்சம் குனிந்தே சொல்வார்கள்.

சோதனையில் ஐயா ஒரு பேருண்மையைக் கண்டுபிடித்தார். விடியற்காலையில் பிடித்து நெடுநேரம் வாளியில் காத்திருந்த மீன்களில்தான் கலப்பு அதிகம். கடைசியாக, வந்த வேகத்திலேயே மேசைக்கு ஏறிய மீன்களில் கலப்பு குறைவு. ஐயா ஏதாவது கூட்டத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்த நாட்களிலோ, வாளி வாளியாகக் கலப்பு. இதை வைத்து 'கலப்பின ட்ரவுட்களின் அதிகாலைத் திரிதலும் அதன் ஒழுக்கப் பின்னணியும்' என்று அவர் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல குடும்பத்து மீன்கள் தாமதமாகத்தான் வெளியே வரும் என்பது அதன் முடிவு. படித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

வாயடைக்காத ஒரே ஆள் அக்கா மகள். உயிரியல் படித்துவிட்டு எங்கள் துறையிலேயே ஆய்வாளராக இருந்தாள். தன் தகுதியில் வந்தவள் என்பதால் அவளுக்குக் கொஞ்சம் வாய் நீளம்.

இந்த நேரத்தில்தான் ஓவியர் வந்து சேர்ந்தார். ஊழியர் எல்லோரும் பார்த்துப் படிக்கும்படி, எந்த ட்ரவுட்டுக்கு எங்கே என்ன நிறம் என்று ஒரு வண்ண அட்டை தயாரிக்க வேண்டும் என்பது ஐயாவின் கனவு. அதற்கு ஒப்பந்தத்தில் எடுத்த ஆள். ஒல்லியாக, விரலிடுக்கில் சாயத்தோடு, எப்போதும் ஏதோ தூரத்தில் இருப்பதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார். தனக்கென்று கொடுத்த தொட்டியில் மீனைப் போட்டு, பார்த்துப் பார்த்து வரைவார். வாரக் கடைசியில் ஐயா படங்களைப் பார்வையிட்டார்.

"இது போன வாரம் வரைஞ்ச அதே மீன்தானே?"

"ஆமா சார்."

"அப்போ சிவப்பு அடிச்சிருக்கீங்க. இப்போ ஏன் செங்கல் கலர்?"

"இன்னைக்கு அது அந்தக் கலர்லதான் சார் இருக்கு."

"ஒரு மீன் தினம் ஒரு கலர்ல இருக்குமா?"

"நீங்களே காலையில ஒரு கலர்ல வர்றீங்க, கோப்பு பார்த்து முடிச்சதும் வேற கலர்ல இருக்கீங்களே சார்."

அறையின் மூலையில் அக்கா மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கவனித்துக்கொண்டேன். பெண்பிள்ளைகள் அப்படிச் சிரித்தால் அது கல்யாணத்தில்தான் போய் நிற்கும். நின்றது.

அவள் தயங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவியரை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் அவர், எதிரில் அத்தான். நானும் அக்காவும் ஓரத்தில். அத்தான் மேசை விளக்கைத் தற்செயலாகத் திருப்புவது போலத் திருப்பி, ஓவியரின் முகத்துக்கு நேராக வைத்தார்.

"உங்க அப்பா எந்தப் பக்கம்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் சார்."

"அது இல்ல. யாரு, என்னன்னு கேட்டேன்."

"ஓ, அதுவா. அப்பா வீட்டு ஆளுங்க வேற, அம்மா வீட்டு ஆளுங்க வேற சார். ரெண்டு வீட்லயும் சேத்துக்கல. அதனால நடுவுல, பாலத்துக்குப் பக்கத்துல வீடு எடுத்துட்டாங்க."

"அப்போ நீங்க?"

"வாடகை வீடுதான் சார்."

அத்தான் கொஞ்சம் முன்னால் குனிந்து ஓவியரின் காதோரத்தைப் பார்த்தார். பிறகு நெற்றி. பிறகு மறு காது.

"ஏங்க, பையன் மூஞ்சியில லைட் அடிக்காதீங்க. கண்ணு கூசுது பாருங்க" என்றாள் அக்கா.

அத்தான் எழுந்து என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார். "கவனிச்சியாடா? நெத்தி ஒரு பக்கம், காது ஒரு பக்கம்."

"மூக்கு அத்தான்?"

"மங்கல்" என்றார் துக்கத்தோடு.

பின்னாலேயே அக்கா மகள் வந்து நின்றாள். "அப்பா, அவர் என்ன வலையில மாட்டின மீனா?"

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். முப்பது வருஷமா பார்த்துக்கிட்டிருக்கிற கண்ணு இது. இதுவரைக்கும் தப்பினதில்ல."

"தப்பிக்கிட்டேதான் இருக்கு. ட்ரவுட் இருக்கிற இடத்துக்குத் தகுந்த மாதிரி நிறம் மாத்தும்ப்பா. கறுப்புத் தொட்டியில கறுக்கும், வெள்ளை வாளியில வெளுக்கும். நீங்க வெளுத்ததை எல்லாம் கலப்புன்னு சொல்லிக் கொன்னுக்கிட்டிருக்கீங்க."

"அகற்றிக்கிட்டிருக்கேன்" என்று திருத்தினார் அத்தான்.

"சரி, உங்க கண்ணு தப்புன்னு நான் காட்டிட்டா?"

அத்தான் சிரித்தார். மேதைகளுக்கு மட்டுமே வரும் சிரிப்பு அது. "காட்டு. என் கண்ணு தப்புன்னு நீ காட்டிட்டா நானே முன்னால நின்னு உன் கல்யாணத்தை நடத்தி வைக்கிறேன். காட்ட முடியலைன்னா அந்தப் பாலத்துப் பக்கம் இனிமே நீ போகக்கூடாது."

"மாமா, நீ சாட்சி" என்றாள் என்னிடம். சாட்சியாக இருப்பதில் ஒரு சிரமமும் இல்லை. வாயைத் திறக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பெண் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவள் முகம் அப்படி இருந்தது அன்று.

அவள் செய்தது சின்னக் காரியம். ஐயா ஊரில் இல்லாத ஒரு நாள் பெரியவரைத் தொட்டியிலிருந்து எடுத்து, வெள்ளைப் பெட்டி ஒன்றில் விட்டாள். காற்றுக் குழாயெல்லாம் வைத்து, குளிர்ந்த தண்ணீர் மாற்றி, ராஜமரியாதை. தொட்டியில் அதே அளவுள்ள இன்னொரு செங்கீற்று மீனை விட்டாள்.

"மாமா, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். வாயைத் திறக்காம இருந்தா போதும்."

"அதுக்குத்தானேம்மா எனக்குச் சம்பளமே."

மறுநாள் ஐயா வந்தார். தொட்டிக்கு வழக்கம்போல ஒரு தலையசைப்பு. உட்கார்ந்தார். வாளியிலிருந்து மீன்கள் ஒவ்வொன்றாக மேசைத் தட்டுக்கு வந்தன. துணை இயக்குநரும் நின்றுகொண்டிருந்தார். நாலைந்து மீன்களுக்குப் பிறகு அவள் தன் கையாலேயே ஒரு மீனைக் கொண்டுவந்து வைத்தாள். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. தாடைக் கீற்று இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது.

ஐயா பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை. "கலப்பு. சந்தேகமே இல்லாத கலப்பு. இதோட அம்மா வானவில். அப்பா யாருன்னு அந்த அம்மாவுக்கே தெரியாது."

"இது பெரியவர்ப்பா" என்றாள் அவள்.

அவள் மீனைக் கறுப்பு வாளி ஒன்றில் விட்டாள். எல்லோருக்கும் தேநீர் வந்தது. ஐயா தேநீரை உறிஞ்சிக்கொண்டே வாளியைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மீனின் முதுகு கறுத்தது. புள்ளிகள் தெளிந்தன. இரண்டாவது தேநீர் வருவதற்குள் தாடைக்கடியில் அந்தச் சிவப்புக் கீற்று மலர்ந்துவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை, துணை இயக்குநர் இருப்பதையும் மறந்து, "பெரியவரேதான்!" என்று கத்திவிட்டேன்.

"இப்ப சொல்லுங்கப்பா" என்றாள் அவள். கண்ணில் சிரிப்பும் தண்ணீரும் ஒன்றாக நின்றன. கல்யாணமே முடிந்துவிட்டதாக நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சாதாரண மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் தோற்றுப் போயிருப்பான். ஐயா மேதை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நடிக்குது" என்றார்.

"எது?"

"அந்த மீன். சுத்தமான மீன் இப்படி இடத்துக்கு ஒரு நிறம் காட்டாதும்மா. அதுக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு. கலப்புதான் இப்படி ஆளுக்குத் தகுந்த மாதிரி மாறும். இத்தனை நாளா என் தொட்டியில உக்காந்துக்கிட்டு என்னையே ஏமாத்தியிருக்கு. என் கண்ணு இன்னைக்குக் கண்டுபிடிச்சிருச்சு."

"அற்புதம் ஐயா" என்றார் துணை இயக்குநர். அவருக்குப் பதவி உயர்வு நிலுவையில் இருந்தது.

அன்று பிற்பகலே அவசரக் கூட்டம். பொருள்: 'ஆதார மீனின் நம்பிக்கைத் துரோகம்'. நான்தான் குறிப்பெடுத்தேன். பெரியவர் கலப்பு என்று முதல் தீர்மானம் நிறைவேறியது. எழுந்து போகலாம் என்றிருந்தபோது துணை இயக்குநர் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். பெரியவரைப் பார்த்துப் பார்த்துத்தானே மத்த மீனையெல்லாம் 'சுத்தம்'னு ஓடையில விட்டோம்?"

"ஆமா."

"இப்போ பெரியவரே கலப்புன்னா, அது மாதிரியே இருக்குன்னு விட்டதெல்லாம்..."

ஐயா விட்டத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு மகத்தான சிந்தனை பிறக்கும்போது அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

"அதெல்லாமும் கலப்பு" என்றார் ஐயா.

அக்கா மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "அப்பா!"

"கூட்டத்துல ஐயா."

"ஐயா, அது எல்லாம் நீங்களே பார்த்து, நீங்களே சுத்தம்னு சொல்லி விட்ட மீனுங்க! ஓடையில மிச்சம் இருக்கிறதே அதுங்க மட்டும்தான்!"

"அறிவியல்னா தன்னைத்தானே திருத்திக்கணும்மா" என்றார் அவர் கனிவாக. அந்தக் கனிவைக் கேட்டு எனக்கே உடம்பு கூசியது. இரண்டாவது தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியது. அவளுடைய எதிர்ப்பு, 'ஆய்வாளர் ஆர்வத்துடன் கலந்துகொண்டார்' என்று பதிவாயிற்று.

பெரியவரை மூடி போட்ட வாளிக்கு மாற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. கறுப்பு வாளியில் அது நிம்மதியாகத் துடுப்பசைத்துக்கொண்டிருந்தது. கீற்று முன்னெப்போதையும்விடச் சிவப்பு. துறையின் தீர்மானப்படி அது நடித்துக்கொண்டிருந்தது. மூடியை வைத்தேன். அன்று நான் சாப்பிடவில்லை. ஊழியர் சங்கம் சாப்பிட்டது.

ஓடையைச் சுத்தம் செய்யும் பணி போர்க்கால அடிப்படையில் நடந்தது. மேலிருந்து கீழ்வரை வலை. மடைக்கு மடை வலை. முன்பு மங்கலான மீன்களைத் தேடிப் பிடித்தவர்கள், இப்போது சிவந்த மீன்களைத் தேடிப் பிடித்தார்கள். கரையில் அக்கா மகள் ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓவியர் பக்கத்தில் நின்றார். தூரிகையைக்கூட எடுக்கவில்லை.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும் மாமா. மங்கினது மட்டும்தான் செத்திருக்கும். நான் நிரூபிக்கப் போயி மிச்சத்தையும் கொன்னுட்டேன்" என்று அழுதாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். துறையின் வாளிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

பணி முடிந்தது. இன்று எங்கள் ஓடைக்கு வருகிறவர்கள் அடிமணல் வரை தெளிவாகப் பார்க்கலாம். பார்வையை மறைக்க ஒன்றும் கிடையாது. வண்ண அட்டையும் அச்சாகி வந்தது. ஓடையில் எந்த மீனும் வந்து அதை மறுத்துப் பேசப் போவதில்லை என்பதால், உலகிலேயே பிழையில்லாத அட்டை அதுதான். ஐயாவைத் தலைநகருக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். திட்டத்தின் இறுதி அறிக்கையை எழுதியவன் என்ற முறையில் எனக்கும் ஒரு பேனா கிடைத்தது.

பந்தயப்படி, அத்தானின் கண் தப்பென்று நிரூபிக்கப்படவில்லை. ஆகவே கல்யாணம் இல்லை என்று அவர் அறிவித்தார். அறிவித்த வாரத்தில் அக்காவுக்குக் கடுமையான பல்வலி. என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பல் மருத்துவரிடம் போனாள். மருத்துவமனைக்கு எதிரிலேயே பதிவாளர் அலுவலகம் இருந்ததும், அங்கே அக்கா மகளும் ஓவியரும் மாலையோடு நின்றதும் தற்செயல். சாட்சிக் கையெழுத்து இரண்டு தேவைப்பட்டதும் தற்செயல். திரும்பி வரும்போது அக்கா அழுதுகொண்டே வந்தாள். "பல்லைப் புடுங்கிட்டாங்களா?" என்று அத்தான் கேட்டார். "ஆமாங்க" என்றாள்.

அவருக்குத் தெரியவந்தபோது கத்தவில்லை. மகளின் பெயரை வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். அகற்றிவிட்டதாக நினைத்தார் போலும். அவளும் வேலையை விட்டுவிட்டுப் பாலத்துப் பக்கம் போய்விட்டாள். ஆனால் இரவுச் சாப்பாட்டின்போது அவள் நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்தால் அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்விடுவார். மேதைக்கும் மனசு இருந்தது. அதைப் பார்க்கத்தான் கண்ணாடி கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் குழந்தை பிறந்தது. அக்கா தினம் அழுது, பட்டினி கிடந்து, கடைசியில் மகளைக் குழந்தையோடு ஒரு மாலை வீட்டுக்கு வரவழைத்தாள். ஓவியர் வாசல் வரை வந்து, வெளியிலேயே நின்றுகொண்டார். கூடத்தில் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தினார்கள். அது காலை உதைத்துக்கொண்டு விளக்கையே பார்த்தது.

அத்தான் அறையிலிருந்து மெதுவாக வந்தார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். விளக்கை இழுத்து நேராக வைத்தார். நெற்றியைப் பார்த்தார். காதை மடித்துப் பார்த்தார். தாடையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. அவர் கண்ணில் தண்ணீர் கட்டியதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். அந்த நிமிடம் எல்லாம் சரியாகிவிடும் என்றே தோன்றியது. அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள்.

"சுத்தம்" என்றார் அத்தான், குரல் உடைந்து. "சுத்தமா நம்ம வீட்டுப் பிள்ளை. ஒரு மங்கல் கிடையாது."

தம் வாழ்நாளில் யாருக்கும் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய பட்டத்தை அவர் கொடுத்துவிட்டார். குழந்தையைத் தூக்கக் கையை நீட்டினார். அதற்குள் அக்கா மகள் பாய்ந்து குழந்தையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது.

"வேண்டாம்ப்பா. அந்த வார்த்தையை என் பிள்ளைமேல போடாதீங்க. நீங்க சுத்தம்னு சொன்னதுல ஒண்ணுகூட இன்னைக்கு உயிரோட இல்ல."

விறுவிறுவென்று வாசலுக்குப் போய்விட்டாள். அத்தான் நீட்டிய கையை மடக்கவில்லை. கொஞ்ச நேரம் வெள்ளைத் துணியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னடா சொல்லிட்டுப் போறா இவ?"

"நான் அறிக்கையில எழுதினதைத்தான் சொல்றா அத்தான்" என்றேன். "நான் அதை 'முழு வெற்றி'ன்னு எழுதியிருந்தேன்."